கூட்டின் சுருதி

கையைத் தூக்கக் கூடாது. இந்தத் தடவை தூக்கவே கூடாது. நாலு நிமிஷம் ஓடியிருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, மடியில் ரெக்கார்டர், காதில் ஹெட்போன், அடியில் குவாரிப் பாறை, மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் சுடுகிறது. எனக்கு எதிரே அண்ணன் உறுமியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இந்தப் பக்கம் உமையாள் அக்கா வாயை மூடியபடி பாடுகிறார், அந்தப் பக்கம் கோதண்டம் மாமா தண்ணீர் ஊற்றிய இரண்டு குடங்களை உள்ளங்கையால் தட்டுகிறார். மூன்று பேரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் வெடி வைத்துப் பிளந்த பாறைச் சுவர். தலைக்கு மேலே நாலு ஆள் உயரத்தில், பாறை துருத்திக்கொண்டு நிற்கிற இடத்தின் அடியில், மூன்று தேன்கூடுகள். மலைத்தேனீ. ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலம், கறுப்பாக, ஈரமாக இருக்கிற மாதிரி மினுமினுவென்று. அவர்களுக்கு அது தெரியாது, அதாவது இருக்கிறது என்று தெரியும், பார்க்க முடியாது. நான் மட்டும்தான் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்கலாம் என்று பெட்டியில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்க்கிறேன், அஞ்சு நொடி, ஆறு நொடி, கண் தானாக மேலே போய்விடுகிறது. வலது காதில் அவர்கள் மூன்று பேர். இடது காதில் தேனீ. இடது காதுக்கென்று தனி மைக், ஒரு மூங்கில் கழி நுனியில் கட்டி, பாறை இடுக்கில் செருகி, கூட்டுக்குக் கீழே ஒன்றரை முழம் தள்ளி. செருகியது நான்தான். விடிகிற நேரத்தில், அதுகள் குளிரில் அசையாமல் கிடந்தபோது, பக்கத்துப் பாறைப் படியில் ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு. அப்போது பயம் இல்லை. வேலை செய்யும்போது எனக்குப் பயம் வராது. உட்கார வைத்தால்தான் வரும்.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு ரீங்காரம். ஆனால் டிரான்ஸ்பார்மர் ஒரே மாதிரி இருக்கும், இது இருக்காது, உள்ளே ஏதோ புரண்டுகொண்டே இருக்கும். இன்றைக்குச் சுருதி அதுதான். சுருதிப் பெட்டி கிடையாது, போனில் ஓடுகிற தம்புரா கிடையாது. உமையாள் அக்காவுக்கு அதெல்லாம் செத்த சத்தம். போன மாதம் ஒரு கண்மாயில் தவளைகளோடு பதிவு செய்தோம், அதற்கு முன்னால் பனங்காட்டில் காற்றோடு. தவளை கடிக்காது. காற்று கொட்டாது. இந்தக் கூட்டைக் கண்டுபிடித்துவிட்டு வந்து அக்கா சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தை பிறந்த வீட்டில் இருப்பது போல. "சுருதி கூட்டோடது. நாம அதுக்குப் பின்னாடிதான். அது எறங்கினா நாம எறங்கணும், அது ஏறினா நாம ஏறணும். அவ்வளவுதான் பாட்டு. வெட்டி ஒட்டுற வேலையே கிடையாது, ஒரே மூச்சு, இருபது நிமிஷம்." எண்ணெய் வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, கறுப்புச் சட்டை கூடாது. எல்லாவற்றையும் யோசித்த ஆள். ஒன்றே ஒன்றை யோசிக்கவில்லை, ஏனென்றால் அது அவருக்குத் தெரியாது. அது அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

ஐந்து நிமிஷம். இன்னும் பதினைந்து.

காலையிலிருந்து இரண்டு தடவை கையைத் தூக்கிவிட்டேன். கையைத் தூக்கினால் எல்லோரும் நிறுத்த வேண்டும், விமானச் சத்தம், யாராவது இருமினால், ஒயர் கழன்றால், அதற்காக வைத்த ஏற்பாடு. முதல் தடவை இடது காதில் கர்ரென்று ஏதோ விழுந்தது, காதுக்குள்ளேயே புகுந்த மாதிரி, நான் கையைத் தூக்கிவிட்டேன். பார்த்தால் ஒரே ஒரு தேனீ மைக்கின் பஞ்சுக் குல்லாவில் உட்கார்ந்து நடந்திருக்கிறது. இரண்டாவது தடவை ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததற்குத் தூக்கினேன். ஒன்பதாவது நிமிஷம், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நிழல் ஓடியது, பருந்தாக இருக்கும். கோதண்டம் மாமா குடத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். "மருமகளே, பள்ளிக்கூடத்துல தூக்காத கையை எல்லாம் சேத்து வச்சு இங்க தூக்குறியா?" எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. உறுமியை மடியிலிருந்து இறக்காமலேயே சொன்னான். "சீலி, இன்னொரு தடவை தூக்கின, நேரா பஸ் ஏறிரு. கேட்டியா?" எல்லோரும் இருக்கும்போது சொன்னான். நான் எதற்காகத் தூக்கினேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் அப்படிச் சொன்னான். உமையாள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் குடித்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பது எனக்குப் பிடிக்காது.

அது நடந்தபோது அவனுக்குப் பதினேழு, எனக்குப் பன்னிரண்டு. கோயில் மைதானத்தில் பந்து விளையாடிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினான், சட்டைக்குள் ஒன்று இருந்திருக்கிறது, சாதாரணத் தேனீ, இந்த மாதிரி மலைத்தேனீகூட இல்லை. தோளில் ஒரு கொட்டு. அட ச்சீ என்று தட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே "தொண்டை ஒரு மாதிரி இருக்குடி" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் வார்த்தையாக வரவில்லை. உதடு இரண்டும் வேறு யாருடைய உதடோ மாதிரி ஆகிவிட்டது. கண் மூடிக்கொண்டது, அவனாக மூடவில்லை, வீக்கம் மூடியது. மூச்சு விடும்போது ஒரு விசில். நான் அந்த விசிலை ஆட்டோவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன், அது மெலிந்துகொண்டே போனது, சத்தம் குறைந்தால் நல்லது என்று நான் நினைத்தேன், பன்னிரண்டு வயதில் எனக்கு என்ன தெரியும், சத்தம் குறைந்தால் சரியாகிறது என்றுதான் நினைத்தேன். பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் பேண்ட்டோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்தினார். மறுநாள் டாக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது. "இந்தத் தடவை அரை மணி நேரம் குடுத்துச்சு. அடுத்த தடவை அவ்வளவு நேரம் குடுக்காது."

இங்கிருந்து மேட்டுக்கு ஏற பதினைந்து நிமிஷம், வெறும் ஆளாக ஏறினால். ஆளைத் தூக்கிக்கொண்டு ஏறினால் அரை மணி. கோதண்டம் மாமா கால் சரியில்லாதவர், அவர் தூக்க மாட்டார். உமையாள் அக்காவும் நானும். மேட்டில் வேன். வேனிலிருந்து ஆஸ்பத்திரி நாற்பது நிமிஷம், லெவல் கிராசிங் மூடாமல் இருந்தால். இந்தக் கணக்கை நேற்று ராத்திரியிலிருந்து போடுகிறேன். எனக்குக் கணக்கு வராது என்று மார்க் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், இது மட்டும் தப்பே இல்லாமல் வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே விடை.

ஏழு நிமிஷம் பத்து நொடி. நன்றாகத்தான் போகிறது. அதையும் சொல்ல வேண்டும். அண்ணன் குச்சியை அழுத்தி இழுக்கும்போது உறுமி ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்ட மாதிரி முனகுகிறது, அந்த முனகல் பாறையில் போய் மோதி, தண்ணீர் மேல் விழுந்து, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வருகிறது. குழிக்குள் தேங்கிய பச்சைத் தண்ணீரில் ஒரு மீன்கொத்தி விழுந்தது, விழுந்த சத்தம் அக்கா மூச்சு எடுத்த இடைவெளியில் சரியாக விழுந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமல். அப்படி விழும்போது எனக்கு முதுகு சிலிர்க்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடச் சிலிர்த்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரைப் பரீட்சைக்கு முன்னால் நின்றேன். யாரும் நிறுத்தவில்லை, வீட்டில் கஷ்டம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதெல்லாம் இல்லை, எனக்கு அலுத்துவிட்டது. வேதியியல் வாத்தியார் பேசும்போது மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'க்ளிக்' என்னும், நான் அதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு பீட்டர் சித்தப்பாவின் மைக்செட்டில் சேர்ந்தேன். குழாய் மைக் கூவுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே எனக்குக் கேட்டுவிடும், கூவப் போகிறது என்று, கை போய்த் திருகிவிடும். கல்யாண வீட்டில் பொட்டப்பிள்ளை கம்பத்தில் ஏறுது என்று சொல்லிச் சொல்லி சித்தப்பா சலித்துப்போனார். அப்போதுதான் அண்ணன் உமையாள் அக்காவிடம் போய்ச் சொன்னான். "என் தங்கச்சிக்குக் காது ரொம்ப நல்லா கேக்கும்க்கா. அதை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்யிறதுன்னு தெரியாம இருக்கா." அவன் சொல்லித்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவன் உறுமியில்லாமல் எனக்கு இந்தப் பெட்டி கிடையாது. அவனை வீட்டுக்கு அனுப்பினால் என்னை எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள். இதை நான் யோசிக்கக் கூடாது. இதை யோசித்தேன் என்பது யாருக்கும் தெரியக் கூடாது.

கழி ஆடுகிறதா. ஆடவில்லை. ஆடுகிறது. காற்று வந்தால் நுனி ஒரு விரல்கடை மேலே போய்க் கீழே வருகிறது. நான் செருகும்போது காற்றை யோசிக்கவில்லை, விடியும்போது காற்றே இல்லையே. நடுவில் இருக்கிற பெரிய கூட்டுக்கு நேர் கீழே. ஒன்றரை முழம் என்று சொன்னேன், சரியாக அளந்தேனா, ஒரு முழமாகவும் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் கிட்ட வைத்தால் சத்தம் கெட்டியாக வரும் என்று ஆசைப்பட்டது நான். யாரும் கேட்கவில்லை. அக்காகூட "தள்ளியே வையி சீலி" என்றுதான் சொன்னார். அப்படியானால் ஏதாவது நடந்தால் அது நான்தான். இல்லை, இடம் தேர்ந்தெடுத்தது அக்கா. இல்லை, வாயைத் திறக்காதே என்றது அண்ணன். வேனில் வரும்போது முன் சீட்டில் அக்காவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவன் என் பக்கம் குனிந்து, "சொன்ன, கொன்னுருவேன். ஒரு பூச்சிக்காக நான் இதை விடணுமா? சாவு வீட்டுக்கும் கெடாவெட்டுக்கும் வாசிச்சே கெழவனாகணுமா?" என்றான். நான் "ஊசி வாங்கி வச்சிருக்கியா?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது ஒன்று நடந்தது. நடுக் கூட்டில் ஒரு அலை ஓடியது. ஈரத் துணியை உதறினால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடுமே, அப்படி. அத்தனை தேனீயும் ஒரே நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கி இறக்கியிருக்கும். இடது காதில் ஸ்ஸ் என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. நின்றுவிட்டது. அது எப்போதும் செய்யும், குளவி பக்கத்தில் வந்தால் செய்யும், நேற்று பார்த்தபோதும் செய்தது, அக்காகூட அழகு என்றார். எண்ணலாம். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பத்தி எட்டில் அடுத்த அலை. ஒன்று, இரண்டு. இருபத்தி இரண்டில் அடுத்தது. இது நேற்று மாதிரி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒருவேளை நான் வேகமாக எண்ணுகிறேன், இல்லை மெதுவாக, என் நெஞ்சு அடிப்பதற்கு ஏற்ற மாதிரி எண்ணுகிறேன், பெட்டியில் ஓடுகிற நொடியைப் பார்த்து எண்ணு, பதினாறு. பதினாறு நொடிதான்.

ஏறுகிறது. சத்தம் ஏறுகிறது. அளவு ஏறவில்லை, பச்சைக் கோடு அப்படியேதான் இருக்கிறது, சுருதி ஏறுகிறது. இல்லையா. உறுமி வழுக்கிக்கொண்டே போகிற வாத்தியம், அதோடு சேர்த்துக் கேட்டால் எல்லாமே ஏறுகிற மாதிரிதான் இருக்கும். வலது காதை மூட வேண்டும். பொத்தானை மெல்ல அழுத்துகிறேன், நகம் பிளாஸ்டிக்கில் படாமல், இப்போது வலது பக்கம் ஒன்றுமில்லை, மூன்று பேரும் ஊமையாகி வாயும் கையும் மட்டும் அசைகிறது, கூடு மட்டும் கேட்கிறது. ஏறுகிறது. ஆமாம். சந்தேகமே இல்லை. மாவு மில்லில் பெல்ட் மாட்டியதும் மோட்டார் மேலே போகுமே, அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் அந்தத் திசை. பொத்தானை விடுகிறேன். அக்கா குரல் திரும்பி வருகிறது. அக்காவும் ஏறியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு நூல் ஒரு நூலாக மேலே போகிறார், கூடு எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கிறார். முகத்தில் சிரிப்பு. அவர் போட்ட விதி நடக்கிறது, அது ஏறியது, அவர் ஏறுகிறார், இதற்காகத்தான் அவர் மூன்று மாதம் காடு மேடு அலைந்தார். கோதண்டம் மாமா கண்ணைத் திறந்து அக்காவைப் பார்க்கிறார், அவரும் சிரிக்கிறார், குடத்தில் தாளத்தை இறுக்குகிறார். அண்ணன் வேகமாகத் தேய்க்கிறான். தேய்க்கத்தானே வேண்டும். உறுமி மேலே போக வேண்டுமென்றால் அழுத்தி, வேகமாக, குறுக்கிக் குறுக்கித் தேய்க்க வேண்டும். அது முனகலாக இல்லை இப்போது, கத்துகிறது. அது கத்தினால் கூடு ஏறுகிறது. கூடு ஏறினால் அக்கா ஏறுகிறார். அக்கா ஏறினால் அண்ணன். அடப்பாவிகளா, அது பாடவில்லை. அது கோபப்படுகிறது. நீங்கள் அதோடு சேர்ந்து ராகம் இழுக்கிறீர்கள்.

பத்து நொடிக்கு ஒரு அலை. பதிமூன்றாவது நிமிஷம். கை என் தொடை மேல் இருக்கிறது. தூக்கினால் போதும். பெட்டிக்கு மேலே வந்தால் போதும், மூன்று பேரில் யாராவது ஒருவர் பார்ப்பார். பஸ் ஏறிரு. ஏறிக்கொள்கிறேன், ஏறினால் என்ன. வீட்டுக்குப் போனால் அம்மா டைலரிங் கிளாஸ் என்பாள். தையல் மிஷின் சத்தம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதைக் கேட்க மட்டும்தான் பிடிக்கும். இதை யோசிக்கிற நேரமா. கையைத் தூக்குடி. தூக்கிவிட்டு, இந்தத் தடவையும் ஒன்றும் இல்லாமல் போனால்? கூடு தானாக அடங்கிவிட்டால்? அப்போது அக்கா தண்ணீர் குடிப்பார்.

ஒன்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை, அண்ணனின் வலது மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. குச்சி பிடித்திருக்கிற கை. இவ்வளவு தூரத்திலும் தெரிகிறது, மலைத்தேனீ பெரிசு, பொன்னிறமாக, வயிறு ஏறி இறங்குவதுகூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது, அது என் கற்பனையாக இருக்கலாம். அவன் பார்த்துவிட்டான். அவன் தலை அசையவில்லை, கண் மட்டும் கீழே போனது. கை நிற்கவில்லை. மெதுவாகிவிட்டது. வேகமாகத் தேய்த்தவன் ஒரே இழுப்பாக, நீளமாக, மெள்ள, மெள்ள, வெண்ணெய் வெட்டுகிற மாதிரி குச்சியைக் கொண்டுபோகிறான், வலது காதில் உறுமி இறங்குகிறது, கத்தல் முனகலாகி, முனகல் மூச்சாகி, உமையாள் அக்கா கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டுகிறார், ஆகா என்கிற மாதிரி. அவன் வாசிப்பின் அழகு என்று நினைக்கிறார். தேனீ நடக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம். முடிக்குள் நடக்கிறது. நிற்கிறது. அவன் என்னைப் பார்க்கிறான். மூன்று பேரில் அவன் ஒருவன்தான் கண்ணைத் திறந்திருக்கிறான், என்னை நேராகப் பார்க்கிறான், அந்தப் பார்வை தூக்கு என்கிறதா, தூக்காதே என்கிறதா, எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், தெரியவில்லை. தூக்கினால் அவன் நிறுத்த வேண்டும், அவன் நிறுத்தினால் அக்கா சட்டென்று கண்ணைத் திறப்பார், மாமா "என்ன மருமகளே" என்று எழுவார், ஆள் அசைந்தால் அது கொட்டும், ஆகவே தூக்காமல் இருப்பதுதான் சரி. இது சரியான காரணம். யாரிடம் கேட்டாலும் சரி என்பார்கள். ஆனால் இந்தக் காரணம் எனக்குத் தேனீ வந்து உட்கார்ந்த பிறகுதான் கிடைத்தது. அதற்கு முன்னால் நாலு நிமிஷம் என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. அப்போதும் கை தொடை மேல்தான் இருந்தது.

மாதாவே. வாய்விட்டுச் சொல்லவில்லை. கழுத்து வேர்வை முதுகெலும்பு வழியாக இறங்குகிறது, அதன் தடத்தை எல்லா முள்ளெலும்பிலும் உணர முடிகிறது. என் மூச்சு மைக்கில் விழுமோ என்று வாயைத் திறந்து மூச்சு விடுகிறேன், சத்தமில்லாமல், இந்த நேரத்திலும் அதைப் பழக்கப்படிச் செய்கிறேன் பாருங்கள், அண்ணன் கையில் சாவு நடந்துகொண்டிருக்கிறது, நான் பதிவு கெடக் கூடாது என்று மூச்சை அடக்குகிறேன். என்ன பிறவி நான். அது முழங்கை மடிப்புக்கு வந்துவிட்டது. கையை மடக்கி இழுத்தால் நசுங்கும். மடக்காதே. மடக்காமல் எப்படி இழுப்பான். தோளிலிருந்து இழுக்கிறான், முழங்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, கட்டை மாதிரி, உறுமியில் ஒரு புது நடுக்கம் வருகிறது, இதுவரை நான் கேட்காத சத்தம். பதினைந்து நிமிஷம் நாற்பது. நாற்பத்தி ஒன்று. நாற்பத்தி இரண்டு.

போய்விட்டது. பறந்ததைப் பார்க்கவில்லை. கையில் இல்லை, அவ்வளவுதான். சட்டைக்குள் போயிருக்குமோ. சட்டைக்குள். இல்லை, அவன் தோள் இறங்கியது, போய்விட்டது. உறுமி தணிந்ததில் கூடும் தணிகிறது, இடது காதில் இறங்கி, இறங்கி, பழைய இடத்துக்கு வருகிறது, அலை முப்பது நொடி, நாற்பது, பிறகு இல்லை. அக்கா குரலும் அதன் கூடவே இறங்கிவந்து நிற்கிறது. மாமா ஒரு குடத்தை விட்டுவிட்டார், மற்றதில் ஒரு விரல். பத்தொன்பது நிமிஷம். அக்கா கை மெல்ல மடியில் விழுகிறது. முடிந்தது. ஆனால் இதற்குப் பிறகு ஒரு நிமிஷம் யாரும் அசையக் கூடாது, பாட்டு போன பிறகு இடம் எப்படி இருக்கிறது என்பதையும் பிடிக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். அந்த ஒரு நிமிஷம் கேட்டது இதுதான்: கூடு, தண்ணீர், தூரத்தில் ஒரு லாரி, நாலு பேர் மூச்சு. நான் அதில் ஒருவன் மூச்சை மட்டும் தேடித் தேடிக் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது. அறுபது. நிறுத்தினேன்.

"இதுதான்," என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர். "அது எப்படி ஏறுச்சு பாத்தீங்களா? எப்படி எறங்குச்சு? சவரி, அந்த இடத்துல அப்படியே கீழ கொண்டுவந்த பாரு, அதை நான் சொல்லிக்கூடக் குடுத்திருக்க முடியாது."

"அது தானா வந்துச்சுக்கா," என்றான் அண்ணன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

"மருமகளும் இந்தத் தடவை கையைக் கட்டிக்கிட்டு ஒழுங்கா இருந்துச்சுல்ல," என்றார் மாமா. "பயம் போயிருச்சா தாயி?"

"நல்லா இருந்த சீலி," என்றார் அக்கா. என் பக்கம் வந்து, என் தலையிலிருந்து ஹெட்போனைத் தானே கழற்றி, காது மடல் சிவந்திருப்பதைப் பார்த்து ஊதினார். அப்படி அவர் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. "இன்னொண்ணு எடுத்துருவோம். அந்த மேல் திட்டுக்கு ஏறி உக்காருவோமா? உறுமிக்குத்தான் அது பதில் சொல்லுது, கவனிச்சியா? சவரியைக் கூட்டுக்குக் கிட்ட வச்சா இன்னும் எங்கயோ போகும்."

அண்ணன் மேல் திட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதிலிருந்து கூட்டுக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும். "சரிக்கா," என்றான்.

"அவனுக்கு ஆகாது," என்றேன்.

"எது?"

"தேனீ. ஒண்ணு கொட்டினாலும் தொண்டை அடைச்சிரும். ஏற்கனவே ஒரு தடவை சாகக் கெடந்தான். இப்பக்கூட அவன் கையில ஒண்ணு நடந்துச்சு, நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க."

மாமா சிரிக்க ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அக்கா அவனைக் கேட்டார். "ஆமாவா சவரி?" அவன் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமாக்கா," என்றான். கொன்னுருவேன் என்று சொன்ன குரல் இல்லை அது. அதுவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா அவனை எதுவும் திட்டவில்லை. என் பக்கம்தான் திரும்பினார். "உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இருபது நிமிஷம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா? ஏன் மொதல்லயே சொல்லலை?"

அண்ணன் சொல்லாதே என்றான் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவனும்கூட.

"அவனை அனுப்பினா என்னையும் அனுப்பிருவீங்கன்னுதான்," என்றேன்.

மாமா ஒரு குடத்துத் தண்ணீரைப் பாறையில் கொட்டினார், பிறகு மற்றதை. அக்கா மைக் ஸ்டாண்டைத் தானே மடக்க ஆரம்பித்தார், "கழி இருக்கட்டும், அதுல யாரும் கை வைக்க வேணாம்," என்று மட்டும் சொன்னார். அண்ணன் தோளிலிருந்து உறுமி வாரைக் கழற்றப் பார்த்தான். தினம் கழற்றுகிற வார், ஒற்றைக் கொக்கி. விரல் அதன் மேல் போகிறது, வழுக்குகிறது, மறுபடி போகிறது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. போய்க் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டாலும் விடட்டும். எழுந்தேன். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தது, பாறை எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை ஊன்றி, தவழ்ந்து அவன் பக்கம் போனேன்.